இரண்டு மருந்து சேர்ந்தால் இருமடங்கு கரையுமா?

நெஞ்சுவலி என்று போனவருக்கு ஆதார வைத்தியசாலையிலேயே கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்துபோனவரை மட்டும் ஏன் ஸ்கேன், பெரிய ஆஸ்பத்திரி என்று கொண்டுபோகச் சொல்கிறார்கள்? இரண்டிலும் குழாயை அடைப்பது குருதிக்கட்டிதானே? மாத்தளை, ரத்தோட்டை, தம்புள்ளைப் பக்கம் வீட்டில் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்த யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். கொஞ்சம் விவரம் அறிந்தவர்கள் அடுத்த கேள்வியையும் கேட்பார்கள்: ஒரு மருந்து கட்டியைக் கரைக்கும் என்றால், இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் வேகமாகக் கரையாதா?

இரண்டாவது கேள்விக்கு உலகம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேடலைப் பின்தொடர்ந்தால் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

கட்டியைக் கரைப்பவர் யார்?

கட்டி கரைக்கும் ஊசி என்று நாம் சொன்னாலும், அந்த மருந்து நேரே போய் எதையும் கரைப்பதில்லை. கரைக்கும் வேலையை நம் உடம்பேதான் செய்கிறது.

குருதி உறையும்போது ஃபைப்ரின் என்ற புரதம் நூல் நூலாகப் பின்னி வலையாகிறது. இதை உறைநார் என்று அழைப்போம். அந்த வலைக்குள் செங்கலங்களும் குருதிச் சிறுதட்டுகளும் சிக்கி இறுகுவதுதான் கட்டி. காயம் ஆறிய பிறகு வலையை அறுத்தெடுக்க வேண்டுமே, அதற்காகப் பிளாஸ்மின் என்ற நொதியம் இருக்கிறது. இது கரைநொதியம். விழித்த நிலையில் இது குருதியில் சுற்றித் திரிந்தால் ஆபத்து என்பதால், உடம்பு இதை உறங்கும் வடிவில் வைத்திருக்கிறது. வைத்தியர் ஏற்றும் மருந்தின் வேலை, உறங்குவதை எழுப்புவது மட்டுமே.

எப்படி எழுப்புவது என்பதில்தான் மருந்துக்கு மருந்து வேறுபாடு. தோட்டத்துப் பழைய பெரட்டை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் தப்பு அடித்தால் எல்லா லயங்களும் எழும்பும். இன்றைக்கு வேலை ஒரேயொரு மலையில் என்றாலும் அத்தனை பேரும் எழும்பித்தான் ஆக வேண்டும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்து தப்பு மாதிரி. குருதியோட்டம் முழுவதிலும் உறங்கும் நொதியத்தை எழுப்பிவிடும். வேலையில்லாத இடத்தில் எழும்பியவை, குருதி உறைவதற்கென்று வைத்திருக்கும் மூலப்பொருளையே தின்று தீர்க்கும். அல்டிப்ளேஸ் அப்படியில்லை. அது கட்டியின் உறைநாரில் போய் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலும் அங்கே இருப்பவர்களை மட்டும் தட்டி எழுப்பும் கங்காணி.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒரு பற்றீரியாவின் சரக்கு. 1933இல் வில்லியம் டில்லெட் என்ற அமெரிக்க வைத்தியர், தொண்டைப்புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் குருதிக்கட்டியைக் கரைப்பதைக் கண்டுபிடித்தார். அல்டிப்ளேஸ் நம் குருதிக்குழாய்ச் சுவர்கள் தாமே சுரக்கும் பொருளின் நகல். பெல்ஜியத்தின் லூவென் நகரில் தேசிரே கொலன் குழுவினர் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1980களில் மரபணுத் தொழில்நுட்பத்தால் பெருமளவில் செய்யத் தொடங்கினார்கள். முதலாவது மலிவு, இரண்டாவது விலை கூடியது. இலங்கையின் ஆதார வைத்தியசாலைகளில் மாரடைப்புக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் நெடுங்காலம் கைகொடுத்ததற்கு விலை ஒரு முக்கியக் காரணம்.

இதயத்தில் பலித்த கூட்டல்

1988இல் ஐசிஸ்-2 என்ற பேராய்வின் முடிவு வந்தது. மாரடைப்பு வந்த 17,187 பேரை நாலு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ், இன்னொன்றுக்கு அஸ்பிரின், மூன்றாவதற்கு இரண்டும், நாலாவதற்கு இரண்டுமில்லை. ஐந்து வாரத்துக்குள் இதயம், குருதிக்குழாய் சார்ந்த காரணங்களால் இறந்தவர்கள், எந்த மருந்தும் பெறாத பிரிவில் நூற்றுக்கு 13.2 பேர், இரண்டும் பெற்ற பிரிவில் 8 பேர். தனித்தனியாகக் கொடுத்தபோது கிடைத்த பலன்கள், சேர்த்துக் கொடுத்தபோது ஏறக்குறைய அப்படியே கூடின.

மருத்துவத்தில் இப்படிச் சுத்தமாகக் கூடுவது அபூர்வம். காரணமும் எளிது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் உறைநாரை அறுக்கிறது. அஸ்பிரின் சிறுதட்டுகள் திரும்பவும் வந்து ஒட்டாமல் தடுக்கிறது. இரண்டும் வெவ்வேறு வேலை.

இனி மூளைக்கும் இதையே செய்தால் என்ன என்று நினைக்காதவர் யார்?

மூளையில் பொய்த்த கணக்கு

இத்தாலிய வைத்தியர்கள் அதையே செய்தார்கள். மாஸ்ட்-ஐ என்ற அவர்களது ஆய்வு, பாரிசவாதம் வந்து ஆறு மணித்தியாலத்துக்குள் வந்த 622 பேரை அதே நாலு பிரிவாகப் பிரித்தது. இதயத்துக்குக் கொடுத்த அதே அளவு ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஒரு மணி நேரத்தில் பதினைந்து இலட்சம் அலகு. 1995இல் முடிவு வெளியானது. எந்த மருந்தும் பெறாத பிரிவில் பத்து நாளுக்குள் எட்டில் ஒருவர் இறந்திருந்தார். ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் பெற்ற பிரிவில் ஐந்தில் ஒருவர். இரண்டையும் பெற்ற பிரிவில் மூன்றில் ஒருவர்.

ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நடந்த இதே போன்ற வேறு இரண்டு ஆய்வுகளும் நின்றன. ஸ்ட்ரெப்டோகைனேஸ் மூளையின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது அன்றிலிருந்துதான். ஆதார வைத்தியசாலையின் குளிர்சாதனப் பெட்டியில் மாரடைப்பு ஊசி இருந்தும் பாரிசவாதக்காரருக்கு அதைப் போடாததன் காரணம், வைத்தியரின் தயக்கமோ சோம்பலோ அல்ல.

ஒரே கட்டி, ஒரே மருந்து. இடம் மாறியதும் விளைவு தலைகீழாக மாறியது ஏன்?

அடைப்புக்கு அப்பால் உள்ள சிறு குழாய்களும் குருதியில்லாமல் வாடுகின்றன. நேரம் போகப் போக அவற்றின் சுவர் நைந்துவிடும். அப்புறம் கட்டி கரைந்து குருதி வேகமாகப் பாய்ந்தால் நைந்த சுவர் தாங்காது, கசியும், வெடிக்கும். இதயத் தசையில் அப்படிக் கொஞ்சம் கசிந்தால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். மூளை மண்டையோட்டுக்குள் அடைபட்டிருக்கிறது. கசிந்த குருதி போக இடமில்லை, பக்கத்து மூளையைத்தான் நசுக்கும். அந்த நேரம் பார்த்து உடம்பெங்கும் கரைநொதியம் விழித்திருந்தால், சிறுதட்டுகளும் அஸ்பிரினால் செயலிழந்திருந்தால், கசிவை அடைக்க யாருமில்லை. ஆறு மணி நேரம் வரை காத்திருந்தது, அளவைக் குறைக்காதது, இரண்டாவது மருந்தை அதே வேளையில் சேர்த்தது என மூன்றும் ஒன்றாக விளைவித்த சேதம் அது.

சிறிய அளவு, குறுகிய நேரம்

அதே 1995ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று வேறு செய்தியைக் கொண்டுவந்தது. மருந்து அல்டிப்ளேஸ். அளவு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.9 மில்லிகிராம், இதயத்துக்குக் கொடுப்பதை விடக் குறைவு. நேரம், மூன்று மணித்தியாலத்துக்குள். அஸ்பிரின் உட்பட வேறெந்தக் குருதி இளக்கியும் முதல் 24 மணி நேரம் கிடையாது. மூளைக்குள் கசிவு இதிலும் வந்தது. ஆனால் மூன்று மாதத்தில் ஏறக்குறைய எந்தக் குறையுமின்றித் தேறியவர்கள் தெளிவாகக் கூடியிருந்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2008இல் ஐரோப்பிய ஆய்வொன்று கால எல்லையை நாலரை மணித்தியாலமாக நீட்டியது.

எல்லை நீண்டது என்பதற்காக ஆறுதலாகப் போகலாம் என்று பொருளில்லை. 6,756 நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுத் தொகுப்பு இதைக் காட்டியது. மூன்று மணித்தியாலத்துக்குள் ஊசி போட்டால், போடாதவர்களோடு ஒப்பிடுகையில் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதலாக நன்கு தேறினார்கள். மூன்றுக்கும் நாலரைக்கும் இடையில் போட்டால் அந்தப் பத்து, ஐந்தாகிவிட்டது. கசிவின் ஆபத்தோ குறையவில்லை.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு காலை

இப்போது ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நேரங்கள் நான் இட்டுக்கட்டியவை. மருந்தின் அளவுகள் உண்மையானவை.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டம். ஓய்வு பெற்ற தொழிலாளி, வயது 62, எடை 60 கிலோ, பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர். காலை 6.40க்குத் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் பேரனோடு பேசிக்கொண்டிருந்தார். 6.55க்கு மகள் பார்க்கும்போது கோப்பை கீழே கிடக்கிறது.

"அம்மா, அப்பாவுக்கு வாய் ஒரு பக்கமா இழுக்குது. கையத் தூக்கச் சொன்னா தூக்க மாட்டேங்கிறாரு."

பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒருவர் ஓடி வந்து, "டிஸ்பிரின் ஒண்ணு தண்ணியில கரைச்சுக் குடுங்க" என்கிறார். நல்ல மனசு, ஆனால் இங்கே கூடாது. பாரிசவாதத்தில் உலகளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அடைப்பு. மற்றவை பெரும்பாலும் மூளைக்குள் குருதிக்கசிவு. இரண்டும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும், ஸ்கேன் மட்டுமே பிரித்துச் சொல்லும். கசிவுக்கு அஸ்பிரின் கொடுத்தால் எரிகிற கொள்ளியை ஏறத்தள்ளியது போலாகும். அடைப்பாகவே இருந்தாலும் அவசரம் ஆபத்துத்தான்: நெதர்லாந்தில் அல்டிப்ளேஸோடு உடனடியாக அஸ்பிரினைச் சேர்த்துப் பார்த்த ஆய்வொன்றில் நோயாளியின் நிலையை மோசமாக்கிய மூளைக்கசிவு நூற்றுக்கு 1.6 இலிருந்து 4.3 ஆகக் கூடியதால் 2011இல் அதை நிறுத்த வேண்டி வந்தது. அதோடு விழுங்கும் தசையும் விழுந்திருந்தால் அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும்.

மகள் 7.05க்கு 1990ஐ அழைக்கிறாள். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி அப்புறம் நாடு முழுவதும் விரிந்த இலவச அம்பியூலன்ஸ் சேவை அது. வளைவுப் பாதையில் இறங்கி மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையை அடையும்போது மணி எட்டு.

இங்கே இரண்டு வழிகளை ஒப்பிடுவோம். முதல் வழியில், மாத்தளையிலேயே ஸ்கேன் எடுத்து, கசிவில்லை என்று உறுதிசெய்து, 8.40க்கு ஊசி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக நன்றாக இருந்த 6.40இலிருந்து 120 நிமிடம். இரண்டாவது வழியில் ஊசி போடாமல் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புகிறார்கள். இடையில் 25 கிலோமீற்றர்தான். ஆனால் அந்த வீதி அலவத்துகொடை, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வழியே போகிறது. காலை வேளையில் அக்குறணை நெரிசலைத் தெரியாதவர் இந்தப் பக்கம் இல்லை. போய்ச் சேர்ந்து, பதிந்து, ஸ்கேன் எடுத்து ஊசி ஏறும்போது 10.10 என்போம். 210 நிமிடம்.

இரண்டும் நாலரை மணித்தியாலத்துக்குள்தான். ஆனால் முதல் வழி மூன்று மணிக்குள் வருகிறது, இரண்டாவது தாண்டிவிட்டது. மேலே பார்த்த பத்து, ஐந்தாகிற கோடு இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியலாளர் 2006இல் போட்ட இன்னொரு கணக்குப்படி, பெரிய நாடி அடைபட்டால் சராசரியாக நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்புக்கலங்கள் சாகின்றன. 90 நிமிட வித்தியாசம் 17 கோடியே 10 இலட்சம். சராசரி என்பதை மறக்கக் கூடாது. பக்கத்துக் குழாய்களிலிருந்து வரும் குருதியால் சிலர் மெதுவாக இழப்பார்கள், சிலர் இன்னும் வேகமாக.

அளவையும் பார்ப்போம். 60 கிலோவுக்கு அல்டிப்ளேஸ் 54 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கான 5.4 மில்லிகிராமை ஒரே தடவையில் ஏற்றி, மீதி 48.6ஐ ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். இந்த மருந்து ஐந்து நிமிடத்துக்குள்ளேயே குருதியில் பாதியாகக் குறைந்துவிடும். நிறுத்தினால் வேலையும் நின்றுவிடும். மருந்தைச் சீராக ஏற்றும் பம்பையும் கண்காணிக்கத் தாதியையும் ஏற்றிக்கொண்டு அம்பியூலன்ஸ் கண்டிக்கு விரைவது எளிய காரியமல்ல.

இங்கேதான் டெனெக்டிப்ளேஸ் வருகிறது. அல்டிப்ளேஸின் மூன்று இடங்களைத் திருத்திச் செய்த மருந்து. உறைநார் உள்ள இடத்தையே இன்னும் தேர்ந்து வேலை செய்யும், குருதியில் நெடுநேரம் நிற்கும். கிலோவுக்கு 0.25 மில்லிகிராம். நம் நோயாளிக்கு 15 மில்லிகிராம், சில நொடிகளில் ஒரே ஊசி, வேலை முடிந்தது. 2022இல் கனடாவின் பெரிய ஆய்வொன்று இது அல்டிப்ளேஸுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. இந்தியாவில் புனே நகரிலேயே இதைத் தயாரிக்கிறார்கள். மாத்தளை போன்ற ஒரு மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காரணம் அதன் வீரியம் அல்ல, பம்பு இல்லாமல் பயணம் போகலாம் என்பதே.

மருந்தோடு மருந்து: மறுபடியும்

மாஸ்ட்-ஐ தந்த அடியோடு மருந்துக் கூட்டல் ஆசை ஓயவில்லை. அஸ்பிரின் முரட்டுத்தனம் என்றால், நுட்பமான குருதி இளக்கிகளைச் சேர்க்கலாமே என்றார்கள். உறைநார் உருவாவதையே தடுக்கும் அர்கட்ரோபன், சிறுதட்டுகள் கைகோப்பதைத் தடுக்கும் எப்டிஃபிபடைட். இரண்டில் ஒன்றை வழக்கமான ஊசியோடு சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 514 பேரோடு நிறுத்தப்பட்டு, 2024இல் முடிவு வெளியானது. மூளைக்கசிவு பெரிதாகக் கூடவில்லை. ஆனால் நோயாளிகள் தேறுவதும் கூடவில்லை. மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள், வெறும் உப்புநீர் பெற்றவர்களில் நூற்றுக்கு 8, எப்டிஃபிபடைட் பெற்றவர்களில் 12, அர்கட்ரோபன் பெற்றவர்களில் 24.

இவற்றைவிட அழகான யோசனை ஒன்று ஹார்வர்டைச் சேர்ந்த விக்டர் குரேவிச்சினுடையது. உடம்பு இயல்பாகவே இரண்டு எழுப்பிகளை வைத்திருக்கிறது, ஏன் இரண்டு? அவர் சொன்ன பதில்: முதலாவது, அதாவது அல்டிப்ளேஸின் அசல், கட்டியைத் தொட்டு வேலையைத் தொடங்கிவைக்க, உறைநார் பாதி அறுபட்டதும் அதில் புதிய பிடிப்பிடங்கள் திறக்கின்றன, அங்கே வேலை செய்ய இரண்டாவது. இரண்டாவதின் பெயர் புரோயூரோகைனேஸ். அப்படியானால் அல்டிப்ளேஸை மிகக் கொஞ்சமாகக் கொடுத்து, மீதியை இதனிடம் விட்டால், கரைதல் கட்டியோடு மட்டும் நிற்கும், கசிவும் குறையும் அல்லவா?

நெதர்லாந்தில் இதைச் சோதித்தார்கள். 5 மில்லிகிராம் அல்டிப்ளேஸ், தொடர்ந்து ஒரு மணி நேரத்தில் 40 மில்லிகிராம் திருத்தப்பட்ட புரோயூரோகைனேஸ். 2023இல் வந்த முடிவில், ஸ்கேனில் தெரியும் மூளைக்கசிவு புதிய கூட்டில் நூற்றுக்கு 13, வழமையான அல்டிப்ளேஸில் 14. ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு விஷயத்தில் மட்டும் குரேவிச் சொன்னது பலித்தது: குருதி உறையத் தேவையான மூலப்பொருள் புதிய கூட்டில் மிகக் குறைவாகவே அழிந்தது. அதாவது எழுப்புதல் இடம் பார்த்துத்தான் நடந்தது. இலேசான பாரிசவாதக்காரர்களையே இந்த ஆய்வில் சேர்த்ததால், கடுமையானவர்களுக்கு என்னாகும் என்பது திறந்தே கிடக்கிறது. இந்தக் கதை முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

ஒலியலையையும் கூட்டிப் பார்த்தார்கள். மருந்து ஏறும்போது நெற்றிப்பொட்டில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து கட்டியை அதிர வைப்பது. 2004இல் 126 பேரிடம் செய்தபோது, நாடி முழுதாகத் திறந்தது அல்லது நோயாளி வியக்கும்படி தேறியது நூற்றுக்கு 49. கருவி இல்லாமல் 30. வைத்தியர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெரிய ஆய்வாகச் செய்தபோது பலன் காணாமல் போனது.

மருந்தோடு கம்பி

மாற்றம் வந்தது மருந்தோடு மருந்தைச் சேர்த்து அல்ல, மருந்தோடு கருவியைச் சேர்த்து. தொடையின் நாடி வழியே மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி, வலைக்கம்பியால் கட்டியைப் பிடித்து வெளியே இழுப்பது. இதைக் கட்டி வாங்கல் என்று சொல்லலாம்.

இதுவும் முதலில் தோற்றது. 2013இல் வெளியான ஆய்வில், ஊசியோடு குழாய் வழிச் சிகிச்சையைச் சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை என்று வந்தது. கருவிகள் பழையவை, உண்மையில் பெரிய நாடி அடைபட்டிருக்கிறதா என்று பார்க்காமலே பலரைச் சேர்த்தார்கள். ஈராண்டில் எல்லாம் மாறியது. 2015இல் நெதர்லாந்தின் 500 பேர் ஆய்வில், மூன்று மாதத்தில் தன் வேலையைத் தானே பார்க்கும் நிலைக்கு வந்தவர்கள், கருவி சேர்ந்தால் நூற்றுக்கு 32.6, சேராவிட்டால் 19.1. அதே ஆண்டு இன்னும் நாலு ஆய்வுகள் அதையே சொல்லின.

அப்படியென்றால் கருவி மட்டும் போதாதா, ஊசி எதற்கு? நியாயமான கேள்வி. பெரிய கட்டியை ஊசி மட்டும் திறப்பது குறைவுதான். 2018இல் அவுஸ்திரேலியாவில் பார்த்தபோது, குழாய் உள்ளே போகுமுன் டெனெக்டிப்ளேஸ் குருதியோட்டத்தை மீட்டிருந்தது நூற்றுக்கு 22 பேருக்கு. அல்டிப்ளேஸ் 10 பேருக்கு. ஊசியைத் தவிர்த்துவிட்டு நேரே கம்பியைச் செலுத்தினால் கசிவு ஆபத்தாவது குறையுமே என்று ஆறு ஆய்வுகள் செய்தார்கள். அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது விடை நேரத்தில் ஒளிந்திருந்தது: அறிகுறி தொடங்கி ஏறக்குறைய 2 மணி 20 நிமிடத்துக்குள் ஊசி போடப்பட்டால் கூட்டுக்குப் பலன் உண்டு, பிந்தினால் அந்தப் பலன் உறுதியில்லை. 2025இல் சீனாவில் 550 பேரிடம் டெனெக்டிப்ளேஸோடு செய்த ஆய்வில், கூட்டுச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 52.9 பேர் சொந்தக்காலில் நின்றார்கள். கருவி மட்டும் பெற்றவர்களில் 44.1.

நம் ரத்தோட்டைக்காரரிடம் திரும்புவோம். 8.40க்குப் போட்ட ஊசி 120ஆவது நிமிடம். அந்த 2 மணி 20 நிமிட எல்லைக்குள் இருக்கிறது. 10.10 வெளியே. ஆனால் ஒரு எச்சரிக்கை: மேலே சொன்ன ஆறு ஆய்வுகளும் கம்பி வசதியுள்ள வைத்தியசாலைக்கே நேரே வந்தவர்களிடம் செய்தவை. மாத்தளையிலிருந்து போக வேண்டியவருக்கு அந்த விவாதமே பொருந்தாது. இலங்கையில் கட்டி வாங்கும் வசதி விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் உண்டு. அங்கே போய்ச் சேரும் வரை, கட்டியின் மேல் வேலை செய்யும் ஒரே ஆள் ஊசிதான்.

கட்டியை வாங்கிய பிறகும் கூட்டல் தொடர்கிறது. பெரிய நாடி திறந்தாலும் சிதறிய துகள்கள் சிறு குழாய்களில் சிக்கியிருக்கும். படத்தில் நன்றாகத் தெரியும், நோயாளி எழும்ப மாட்டார். பார்சலோனாவில் ஆங்கெல் சாமொரோ குழுவினர், குழாயை வெளியே எடுக்குமுன் அதன் வழியே கொஞ்சம் அல்டிப்ளேஸைச் செலுத்தினார்கள். 2022இல் வந்த முடிவு: ஏறக்குறைய முழுதாகத் தேறியவர்கள் நூற்றுக்கு 59, செலுத்தாதபோது 40. வெறும் 121 பேர், அதுவும் இடையில் நிறுத்தப்பட்ட ஆய்வு. அப்புறம் சீனாவில் இதே யோசனையைச் சோதித்தவர்களில் சிலர் ஆம் என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். அனேகமாக எந்த நோயாளிக்கு என்பதில்தான் விடை இருக்கும்.

கூட்டலுக்கு வேண்டிய தகவல்

இந்தக் கூட்டல்கள் எல்லாவற்றையும் திறக்கவோ மூடவோ செய்வது வீட்டார் சொல்லும் இரண்டு தகவல்கள்.

ஒன்று, கடைசியாக நன்றாக இருந்த நேரம். விழுந்ததைக் கண்ட நேரம் அல்ல. மேலே 6.55 என்று சொல்லியிருந்தால் பதினைந்து நிமிடம் பொய்யாகியிருக்கும். தூக்கத்திலிருந்து எழும்பும்போதே வாய் கோணியிருந்தால், படுக்கப்போன நேரத்திலிருந்துதான் கணக்கு. பேரனிடம் கேட்டால்தான் 6.40 தெரியவரும். ஆகவே கடைசியாகப் பேசியவர், அவர் சின்னப் பையனாக இருந்தாலும், கூடவே வர வேண்டும் அல்லது தொலைபேசியில் கிடைக்க வேண்டும்.

மற்றது கிளினிக் கொப்பி. இதய வால்வுக்கோ சீரற்ற துடிப்புக்கோ வார்ஃபரின் எடுப்பவர் என்றால் குருதியின் உறையும் அளவைப் பார்க்காமல் ஊசி போட முடியாது. அண்மையில் சத்திரசிகிச்சை செய்திருந்தால், முன்பு மூளையில் கசிவு வந்திருந்தால் கணக்கே வேறு. அப்படிப்பட்டவருக்கு ஊசி இல்லாமல் கம்பி மட்டும் வழியாகலாம். இதெல்லாம் அந்தக் கொப்பியில் எழுதியிருக்கும். எந்தக் கொப்பி என்று அவசரத்தில் அலுமாரியைக் கிளறாமல், பிரஷருக்கும் சீனிக்கும் மருந்தெடுக்கும் பெரியவர் இருக்கும் வீட்டில் அதை மாத்திரைப் பையோடு சேர்த்தே வைத்திருந்தால், 1990 வாசலுக்கு வரும்போது கையில் எடுத்துக்கொண்டு ஏறிவிடலாம்.